ஒட்டகம் இல்லாத பாலைவனம்!

பாஸ், உங்ககிட்ட ஒரு உண்மையை ஒத்துக்கிட்டுத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கணும்.

ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டலுக்குள்ள பெட்டியைத் தூக்கிக்கிட்டு நுழைஞ்ச அன்னிக்கு, ரூம்ல இருந்த மூணு பேரும் கேட்ட முதல் கேள்வி, ‘மச்சி, எந்த ஊரு?’ யோசிக்கவே இல்லை, ‘மதுரை’ன்னு அடிச்சு விட்டேன். மதுரையில இறங்கி, வேற பஸ் பிடிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஜன்னலோரம் தூங்கி வழிஞ்சாத்தான் எங்க ஊரே வரும். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம்.

ஏன் மறைச்சேன்? ராமநாதபுரம்னு சொன்னா அடுத்த டயலாக் என்னன்னு எனக்குத் தெரியும். ‘ஓ... தண்ணியில்லாக் காடா?’ சினிமாவுல மந்திரி அதிகாரியை மிரட்டுறதே, ‘உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’னுதானே! நம்ம வீட்டு அட்ரஸ் அடுத்தவனுக்குத் தண்டனைன்னா, எந்தப் பையன்தான் தைரியமா வாயைத் திறப்பான்?

ஆனா, பொய்க்கு ஆயுசு ஒரு செமஸ்டர்தான். அப்பா அனுப்பின முண்டு மிளகாய் வத்தல் மூட்டையில ஊர்ப் பேரு கொட்டை எழுத்துல இருந்துச்சு. மாட்டிக்கிட்டேன். அன்னியில இருந்து ஹாஸ்டல்ல தண்ணி வரலைன்னா கூட, ‘உங்க ஊர்க் காத்து பட்டுருச்சுடா’ன்னு என்னைத்தான் கலாய்ப்பானுங்க.

இப்போ தேர்ட் இயர். எக்ஸாம் முடிஞ்சதும் ராஜஸ்தான் ரோடு ட்ரிப் அடிக்கிறதா பிளான். ஜெய்சல்மேர் கோட்டை, மணல் மேடு, ஒட்டகம், தலையில முண்டாசு... ஆறு மாசமா கனவு கண்டோம். கடைசியில ஒருத்தனுக்கு அரியர், ஒருத்தனுக்கு அக்கா கல்யாணம், எல்லாருக்கும் காசு இல்லை. பிளான் புட்டுக்கிச்சு. அப்பதான் ஒருத்தன் சொன்னான். ‘பாலைவனம்தானே மச்சி பார்க்கணும்? இவன் ஊருக்குப் போவோம். ஒட்டகம் மட்டும்தான் இருக்காது!’

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ‘சரி, வாங்கடா’ன்னேன்.

ரெண்டு நாள் லைப்ரரியில உட்கார்ந்து படிச்சேன். செமஸ்டருக்குக் கூட அப்படிப் படிச்சது இல்லை. ராமநாதபுரத்துல அத்தை வீட்ல டேரா. மாமாவோட பைக் ஒண்ணு, பக்கத்து வீட்டுப் பைக் ஒண்ணு. ஆளு நாலு. பேர் போட்டா உதைப்பானுங்க. அதனால சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ.ன்னே வச்சுக்கலாம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். கிளம்பலாமா? நீங்களும் பில்லியன்ல ஏறிக்கோங்க!

ஸ்டாப் 1: அழகன்குளம்

மே மாசம். எட்டு மணிக்கே ரோடு தோசைக்கல்லாயிடும்ங்கறதால அஞ்சு மணிக்கே வண்டியைக் கிளப்பிட்டோம். ராமேஸ்வரம் ரோட்டுல போய்ப் பிரிஞ்சா, வைகை கடல்ல கலக்கிற ஆற்றங்கரைக்குப் பக்கத்துல இருக்கு அழகன்குளம். ரெண்டு பக்கமும் பனை, உடை, சீமைக்கருவேலம். ‘பாலைவன எஃபெக்ட் சூப்பர்டா’ன்னு ஈ.சி.இ. பின்னாடி இருந்து கமென்ட் அடிச்சுக்கிட்டே வந்தான்.

போய் இறங்கினதும் முதல் பல்பு. கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. மேடு, வீடு, ஆடு, அவ்வளவுதான். ‘இதைப் பார்க்கவா அஞ்சு மணிக்கு எழுப்பின?’ன்னு மூணு பேரும் முறைச்சானுங்க.

படிச்சதை எடுத்துவிட்டேன். 1986-87-ல தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்ட ஆரம்பிச்சது. பல கட்டமா 2016-17 வரைக்கும் அகழாய்வு நடந்திருக்கு. கிடைச்சது என்னென்ன தெரியுமா? ரோமானியக் காசு, மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து ஒயின் வந்த ஜாடியோட உடைஞ்ச துண்டு, தமிழ் பிராமி எழுத்து கீறின பானை ஓடு, கப்பல் படம் கீறின ஓடு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, மதுரைப் பாண்டியர்களுக்கு வைகை வழியாக் கடலைத் தொடுற வாசல் இதுதான். ஆய்வு முடிஞ்சதும் குழியை மூடிடுவாங்க. அதனாலதான் நம்ம கண்ணுக்கு மேடு மட்டும் தெரியுது.

‘அப்போ ரோம்ல இருந்து உங்க ஊருக்கு வந்திருக்கான். நீ மட்டும் மதுரைன்னு சொல்லியிருக்க!’ இது மெக்கானிக்கல். அன்னிக்கு வாங்கின முதல் அடி.

ஸ்டாப் 2: ராமலிங்க விலாசம்

திரும்ப ராமநாதபுரம். அத்தை சுட்ட இட்லியை உள்ள தள்ளிட்டு அரண்மனை. சேதுபதி மன்னர்களோட தர்பார் மண்டபமான ராமலிங்க விலாசம் இப்போ தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. 17-ம் நூற்றாண்டோட கடைசியில ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். உள்ள காலடி வச்சதுமே ஏ.சி. போட்ட மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. தடிச்ச சுவர், உயரமான கூரை. சிவில் அஞ்சு நிமிஷம் சுவரைத் தடவிக்கிட்டே நின்னான்.

சுவர் முழுக்க ஓவியம். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துல, அதாவது 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல தீட்டினது. ஒரு பக்கம் ராமாயணம், ஒரு பக்கம் தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை, இன்னொரு பக்கம் தொப்பி போட்ட ஐரோப்பியர்களை ராஜா வரவேற்கிறார். தஞ்சாவூர்க்காரனான சிவிலைப் பார்த்து, ‘உங்க ஆளுங்களை எங்க ஆளுங்க எப்படி ஓட விட்டிருக்காங்க பார்’னு வாய் தவறிச் சொல்லிட்டேன். ‘எங்க ஆளுங்க’! சொன்ன பிறகுதான் எனக்கே உறைச்சது.

ஸ்டாப் 3: திருப்புல்லாணி

கீழக்கரை ரோட்டுல சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி திருப்புல்லாணி. 108 திவ்ய தேசத்துல ஒண்ணான ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயில். ராமர் தர்ப்பைப் புல் மேல படுத்திருக்கிற சன்னதி ரொம்பப் பிரசித்தம். ஆனா, நான் பசங்களைக் கூட்டிட்டுப் போனது கல்வெட்டுக்காக.

இந்தக் கோயில்ல ஒரு பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கு. 13-ம் நூற்றாண்டு. பக்கத்துக் கடற்கரையில பவித்திரமாணிக்கப்பட்டினம்னு ஒரு துறைமுகம், அங்கே சோனகச் சாமந்தப் பள்ளின்னு ஒரு பள்ளிவாசல், அதுக்குப் பாண்டிய மன்னர் வரி நீக்கி நிலம் விட்டார்ங்கறதுதான் விஷயம். சோனகர்னா அரபு நாட்டு வழியில வந்த முஸ்லிம்கள். இன்னொரு கல்வெட்டுல சூதப்பள்ளின்னு வருது. அது யூதர்களோட வழிபாட்டு இடம்னு அறிஞர்கள் சொல்றாங்க.

ஒரு நிமிஷம் நிதானமா யோசிங்க. பள்ளிவாசலுக்கு மன்னர் கொடுத்த நிலத்துக்கான பத்திரம் பெருமாள் கோயில்ல, கல்லுல, எழுநூறு வருஷத்துக்கு மேலா பத்திரமா இருக்கு!

‘அந்தப் பட்டினம் இப்போ எங்கடா?’ன்னு ஈ.சி.இ. கேட்டான். முதல் தடவையா கலாய்க்காம கேட்டான். ‘சாயங்காலம் அங்கதான் போறோம்’னேன்.

ஸ்டாப் 4: கீழக்கரை

வெயில் மண்டையைப் பிளக்குது. ரோட்டோரம் ஒரு பாட்டி நுங்கு வெட்டிக் கொடுத்தாங்க. ஆளுக்கு ஆறு. ‘ராஜஸ்தான்ல நுங்கு கிடைக்காதுடா’ன்னு மெக்கானிக்கல் சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. (வேர்வைதான் பாஸ்!)

கீழக்கரையோட பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியில இருந்து பார்த்தா கோயில் மண்டபம்னே நினைப்பீங்க. அதே கல்தூண், அதே பூ வேலைப்பாடு. ஆனா, உருவச் சிலை ஒண்ணு கூட இருக்காது. நம்ம ஊர் ஸ்தபதிக்குத் தெரிஞ்ச கட்டடக்கலை, கும்பிடுற முறை மட்டும் வேற. இந்த ஊர்க்காரர்தான் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ன்னு நாம சொல்றோமே, அந்த வள்ளல் சீதக்காதி. கப்பல் வியாபாரி. காலையில பார்த்த அரண்மனையோட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமான நண்பர். சீறாப்புராணம் பாடின உமறுப்புலவரை ஆதரிச்சவர்.

தொழுகை நேரம் முடியட்டும்னு வெளியில நிழல்ல காத்திருந்து, கேட்டுட்டுத்தான் உள்ள போனோம். நீங்களும் அப்படியே செய்ங்க.

ஸ்டாப் 5: பெரியபட்டினம்

வழியில சேதுக்கரையில கடல்ல காலை நனைச்சுட்டு, நாலரை மணிக்குப் பெரியபட்டினம். கல்வெட்டுல பார்த்த பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான்! தென்னந்தோப்பு, வீடுகள், பள்ளிவாசல், தர்கா. சந்தனக்கூடு திருவிழாவுக்கு எல்லாச் சாதி மத ஜனங்களும் கூடுற ஊரு. நாங்க சுத்தின இடத்துல ‘இது பழைய துறைமுகம்’னு சொல்ற பலகை எதுவும் எங்க கண்ணுல படலை. மேப்புல தேடினா மளிகைக் கடையும் ஏ.டி.எம்.மும் காட்டுச்சு.

ஆனா, 1980-கள்ல ஜப்பான்ல இருந்து ஒரு பேராசிரியர் இந்த ஊரைத் தேடி வந்தார். பேரு நொபோரு கராஷிமா. தமிழ்க் கல்வெட்டுகளைக் கரைச்சுக் குடிச்சவர். 2013-ல பத்மஸ்ரீ வாங்கினவர். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தோட எ.சுப்பராயலுவும் அவரும் இங்கே ஆய்வு செஞ்சாங்க. 1987-ல அகழாய்வும் நடந்துச்சு. கிடைச்சது சீனப் பீங்கான்! ஒண்ணு ரெண்டு இல்லை, குவியல் குவியலா உடைஞ்ச துண்டுகள். பெரும்பாலும் 13, 14-ம் நூற்றாண்டு. சீனாவோட லாங்சுவான் சூளையில சுட்ட பச்சைப் பீங்கான், ஃபூஜியன் பக்கத்து வெள்ளைப் பீங்கான், நீலப்பூ போட்ட வெள்ளைப் பீங்கான். எபிரேய எழுத்து வெட்டின கல்லறைக் கல் கூட இந்த ஊர்ல கிடைச்சிருக்கு.

1344 வாக்குல இந்தப் பக்கம் வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, ‘ஃபத்தன்’னு ஒரு அழகான துறைமுகத்தைப் பத்தி எழுதியிருக்கார். அரபியில ‘ப’ கிடையாது, அதனால பட்டன் ஃபத்தன் ஆயிருச்சு. அது பெரியபட்டினம்தான்ங்கறது கராஷிமாவோட முடிவு. கடலுக்குள்ள பெரிய பெரிய மரத்தூண் மேல ஒரு மண்டபம், அதுக்குப் போக கூரை போட்ட மரப்பாதை. எதிரி வந்தா கப்பலையெல்லாம் அதுல கட்டிட்டு வீரர்கள் மேல ஏறிடுவாங்களாம். கல்லால கட்டின பள்ளிவாசல், அங்கே திராட்சையும் மாதுளையும் கூட இருந்துச்சாம். அதுக்கு அம்பது வருஷம் முன்னாடி வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் வருஷத்துக்கு 2000-க்கு மேல குதிரை வாங்கினதா எழுதியிருக்கார். எல்லாம் அரபு நாட்டுப் பக்கம் இருந்து கப்பல்ல வந்தது. இங்கிருந்து போனது மன்னார் வளைகுடா முத்து.

இப்போ சொல்லுங்க. ஜெய்சல்மேர் எப்படிப் பணக்கார ஊராச்சு? மண்ணுல ஒண்ணும் விளையலை, ஆனா ஒட்டகத்துல வியாபாரி வந்தான். இங்கேயும் அதே கதைதான். ஒட்டகத்துக்குப் பதிலா கப்பல்! வறண்ட ஊருக்குச் சொத்தே திறந்து வச்ச வாசல்தான். வந்தவனோட சாமியைக் கும்பிட இடம் கொடுத்தாங்க, நிலம் கொடுத்தாங்க. அதான் உலகமே வந்துச்சு.

பைக்குள்ள போன பச்சைத் துண்டு

இதையெல்லாம் பேசிக்கிட்டே ஒரு தோப்போரமா நடந்துக்கிட்டிருந்தோம். கால்ல ஏதோ மின்னுச்சு. குனிஞ்சு எடுத்தேன். கட்டைவிரல் அகலத்துல ஒரு ஓடு. வெளிறின பச்சை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. கை நடுங்கிருச்சு பாஸ். 1200 டிகிரிக்கு மேல எரியற சூளை, உள்ள ஆக்சிஜனைக் குறைச்சாதான் அந்தப் பச்சை வரும்னு மெக்கானிக்கல் மெட்டீரியல் சயின்ஸ் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சான். நான் யாரும் பார்க்காத மாதிரி அதை ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டேன். ஹாஸ்டல் டேபிள்ல வச்சா சும்மா கெத்தா இருக்கும்ல!

‘தம்பி, பையில போட்டதை எடுத்த இடத்துலயே வச்சிருங்க.’

திரும்பினா, கிணத்தடியில ஒரு பெரியவர். வெள்ளைத் தொப்பி, கையில வாளி. எனக்கு முகம் செத்துப்போச்சு.

‘மன்னிச்சிருங்க அய்யா... ஒண்ணே ஒண்ணுதான்...’

‘வாற ஆளுக எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பாக. நாங்க சின்னப்புள்ளையில பாண்டி விளையாட இந்த ஓட்டைத்தான் சில்லா வச்சிருந்தோம். அருமை தெரியாம தொலைச்சது எம்புட்டோ. மிச்சம் கிடக்கிறதாச்சும் கிடக்கட்டுமே.’

வச்சுட்டேன். அப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சது. நம்ம பாஷையில சொன்னா, அந்த ஓடு ஒரு டேட்டா. அது எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கறதுதான் அதோட அட்ரஸ். அட்ரஸை அழிச்சிட்டா அது வெறும் உடைஞ்ச பீங்கான். என் டேபிள் மேல இருந்தா அது என் பெருமையை மட்டும்தான் பேசும். இங்கே கிடந்தா ஊரோட கதையைச் சொல்லும்.

பெரியவர் கோபம் எதுவும் இல்லாம வாளியை நீட்டினார். ‘வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிங்க.’

குடிச்சோம். இனிப்பு! சத்தியமா இனிப்பு. அலைச் சத்தம் காதுல விழுற தூரத்துல கடல், கைக்கு எட்டுற ஆழத்துல நல்ல தண்ணி. எப்படின்னு நாங்க முழிக்க, சிவிலுக்கு முகம் பிரகாசமாச்சு. ‘டேய், இது ஃப்ரெஷ் வாட்டர் லென்ஸ்! மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கும். உப்புத்தண்ணியை விட நல்ல தண்ணி லேசு, அதனால மேல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ சுமார் நாப்பது அடி வரைக்கும் இருக்கும்னு கணக்கு. ஆனா மோட்டார் போட்டு உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும்.’

‘அதைத்தான் எங்க வாப்பா, அள்ளிக் குடி, இறைக்காதேம்பாக’ன்னு பெரியவர் சிரிச்சார்.

கப்பல்ல மாசக்கணக்கா உப்புக்காத்துல வந்தவனுக்கு முதல்ல என்ன தேவை? முத்து இல்லை, குதிரை இல்லை. ஒரு வாளி நல்ல தண்ணி. தண்ணியில்லாக் காடுன்னு ஊரே சொல்ற மண்ணுல நின்னுக்கிட்டு நாலு பேரும் தண்ணியைப் பார்த்துக்கிட்டே இருந்தோம்.

‘தம்பிக்கு எந்த ஊரு?’

பழக்க தோஷம். வாய் தானா, ‘மதுரை’ன்னு ஆரம்பிச்சிருச்சு. மூணு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தானுங்க. ஒருத்தனும் சிரிக்கலை. நான் எச்சில் முழுங்கிட்டுச் சொன்னேன். ‘இல்லைய்யா... முதுகுளத்தூர் பக்கம்.’

‘அட, நம்ம புள்ளை! அப்புறம் என்னத்துக்கு மதுரையில போய் சுத்துறீக?’

அன்னிக்கு வாங்கின கடைசி அடி. அதுதான் பெருசு.

நீங்களும் கிளம்புறீங்களா?

* மதுரையில இருந்து ராமநாதபுரத்துக்கு ரயிலும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. நாங்க போன சுற்று முழுசும் நூறு கிலோமீட்டருக்குள்ளதான். ஒரே நாள்ல முடிச்சிரலாம்.

* மே மாசம் போய் எங்களை மாதிரி கருகாதீங்க. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். எப்போ போனாலும் ஹெல்மெட்டும், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணியும் கட்டாயம்.

* கோயிலோ பள்ளிவாசலோ தர்காவோ, கேட்டுட்டு உள்ள போங்க, கேட்டுட்டு போட்டோ எடுங்க. அரைக்கால் டிராயர் வேண்டாமே, ப்ளீஸ்.

* ஓடு, காசு, கல், எது கண்ணுல பட்டாலும் போட்டோ எடுத்துட்டு இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு அங்கேயே விட்டுடுங்க. 1878-ல போட்ட புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சிருந்து கிடைக்கிற பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லணும். ஆமா, வெறும் பத்து ரூபாய்!

* ராமேஸ்வரம், தனுஷ்கோடின்னு எல்லாரும் நேரா ஓடுறாங்க. போங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா, போற வழியில ஒரு அரை நாள் இந்தப் பக்கமும் வண்டியைத் திருப்புங்க.

திரும்பி வந்ததும் ஹாஸ்டல் டேபிள்ல வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. பரவாயில்லை. லீவு முடிஞ்சதும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க பெட்டியோட வருவானுங்க. ‘அண்ணா, நீங்க எந்த ஊரு?’ன்னு எவனாவது கேப்பான்.

வாடா தம்பி, உட்காரு. கொஞ்சம் பெரிய கதை.